ஊர் கூடும் கும்மி

உழைப்பும் ஓய்வும் மாந்தர் வாழ்வின் இரு கரைகள். இரண்டும் செவ்வையாக அமைந்தால்தான் வாழ்வென்னும் ஆறு வழி தவறாது ஓடும். உழைப்பின் பயனை யாவரும் அறிவர்; நெல்லாகவும் நூலாகவும் கூலியாகவும் அது கண்முன் வந்து நிற்கும். ஓய்வின் பயனோ எளிதில் புலப்படுவதில்லை. அதனால் ஓய்வு நேரத்தை உறங்கிக் கழிப்பாரும், வம்பளந்து கழிப்பாரும், கையகலத் தொலைபேசியை நோக்கிக் கழிப்பாரும் பலராயினர். அந்நேரத்தில் ஒரு கலையைப் பயின்று, தாமும் மகிழ்ந்து, ஊரையும் மகிழ்விப்பார் சிலரே. அச்சிலரால் ஒரு நாடு பெறும் நலம் யாது என்பதைக் கொங்கு நாட்டுக் கும்மியைக்கொண்டு ஈண்டுக் காண்போம்.

மேற்கே வெள்ளியங்கிரி மலையும், தெற்கே பழனிப் பகுதியும், கிழக்கே குளித்தலையும் கொங்கு நாட்டின் எல்லைகள் எனப் பழம்பாடல் ஒன்று கூறும். நொய்யல், பவானி, அமராவதி ஆகிய ஆறுகள் இந்நாட்டின் வழியே ஓடிக் காவிரியிற் கலக்கின்றன. ஆறுகள் இருந்தும், நாட்டின் பெரும்பகுதி மழை குறைந்த மேட்டு நிலமே ஆகும். ஆகவே, கொங்கு மக்கள் ஆழக் கிணறு தோண்டினர். எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்தனர். கம்பும் சோளமும் பருத்தியும் விளைத்தனர். 1888ஆம் ஆண்டில் கோவையில் நூற்பாலை எழுந்தது. 1932இல் பைக்காரா மின்னாற்றல் வந்தபின் ஆலைகள் பல்கிப் பெருகின. கவலைச் சால் ஓய்ந்த இடங்களிலெல்லாம் தறியின் ஓசை கேட்கலாயிற்று. இவ்வாறு ஓயாது உழைத்த மக்களுக்கு ஓய்வின் அருமை நன்கு தெரியும் அன்றோ? அதனால்தான் அவர்கள் அதனை வீணாக்க மனங்கொள்ளவில்லை.

தொழில் ஒன்றாக இருக்க, விருப்பத்தால் மேற்கொண்ட பணி மற்றொன்றாகத் திகழ்ந்த பெருமக்கள் பலரைக் கோவை கண்டதுண்டு. சி. கே. சுப்பிரமணிய முதலியார் வழக்கறிஞர். நாள்தோறும் நீதிமன்றம் சென்று வந்தவர். எனினும், அவர்தம் உள்ளம் சேக்கிழாரின் பெரிய புராணத்தில் தோய்ந்து நின்றது. 4,200க்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட அப்பெருநூலுக்கு அவர் பல்லாண்டுகள் உழைத்து விரிவான உரை கண்டார்; அஃது ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. கோவைகிழார் எனப் போற்றப்பெற்ற இராமச்சந்திரன் செட்டியாரும் வழக்கறிஞரே. அவர் ஊர்தோறும் திரிந்து, கல்வெட்டும் கதையும் தேடித் தொகுத்து, ‘கொங்கு நாட்டு வரலாறு’ என்னும் நூலை ஆக்கி அளித்தார். இவர்கள் பெற்ற ஊதியம் வேறு. இவர்கள் விட்டுச்சென்ற செல்வம் வேறு.

ஆயினும், நூல் எழுதுதல் தனித்திருந்து செய்யும் பணியாகும். கற்றார்க்கே அது கைவரும். எழுத்தறியாத உழவனும், ஆலையில் இழை முடியும் பெண்ணும், ஆடு மேய்க்கும் சிறுவனும் ஒருங்கே கூடிச் செய்யத்தக்க கலை யாது? அத்தகைய கலைகளுள் ஒன்றே கும்மி.

கும்மி என்பது பலர் வட்டமாக நின்று, பாடிக்கொண்டும் கைகொட்டிக்கொண்டும் சுற்றி வந்து ஆடும் ஆட்டமாகும். இதற்கு அரங்கு வேண்டா, திரை வேண்டா, கோயில் முன்றிலோ, களத்துமேடோ, ஊர்ப் பொதுவிடமோ போதும். மாரியம்மன் நோன்பு வந்தால் ஊர் நடுவே கம்பம் நடுவர். கம்பம் என்பது மூன்று கிளைகளாகப் பிரிந்த மரத்துண்டு. அதனைச் சுற்றி இளைஞர் இரவுதோறும் ஆடுவர். மகளிர் முளைப்பாலிகையை நடுவே வைத்துக் கும்மி கொட்டுவர். மழை வேண்டியும், நோய் நீங்க வேண்டியும், விளைந்த மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ளவும் கும்மி உண்டு.

இக்கலை நேற்றுத் தோன்றியது அன்று. பழந்தமிழர் குரவைக் கூத்து ஆடினர் எனத் தொல்காப்பியம் தெரிவிக்கின்றது. சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை என்றொரு காதை உண்டு. குடத்தில் இட்ட பால் உறையவில்லை; ஆனேற்றின் கண்ணில் நீர் வடிந்தது. சேரிக்கு ஏதோ தீங்கு வரப்போகின்றது என மாதரி என்னும் முதியவள் அஞ்சினாள். அஞ்சியவள் என் செய்தாள்? வீட்டைத் தாழிட்டு உள்ளே அடங்கினாள் அல்லள். ஆயர் மகளிர் எழுவரை அழைத்தாள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையின் பெயர்களை அவர்களுக்கு இட்டாள். வட்டமாக நிறுத்திக் குரவை ஆடச் செய்தாள். இடர் வருங்காலத்தில் ஒருவர் கையை ஒருவர் பற்றி நிற்றல் தமிழர் கண்ட வழி என்பதை இளங்கோவடிகள் இக்காதையிற் காட்டியுள்ளார். குன்றக் குரவை என்னும் பகுதியில் மலைவாணர் முருகனையும் வள்ளியையும் பாடி ஆடும் காட்சியையும் அவர் அமைத்துள்ளார். தொல்காப்பியத்தில் வரும் ‘வாடா வள்ளி’ என்னும் தொடருக்கு உரைகாரர், வள்ளிக் கூத்து எனப் பொருள் உரைப்பர். ஆதலின், வள்ளியின் பெயரால் ஆடும் வழக்கம் மிகப் பழையது என்பது தெளிவு.

கொங்கு நாட்டுக் கும்மி வகைகளுள் வள்ளி கும்மி தனிச் சிறப்புடையது. ஒயிலாட்டத்தின் அடிவைப்பும் கும்மியின் கைத்தட்டும் கூடியதனை வள்ளி ஒயில் கும்மி என்பர். வள்ளி முருகனை மணந்த கதையே இதன் பொருள். கச்சியப்பர் கந்தபுராணத்தின் இறுதியில் பாடிய அக்கதையை, ஏடு காணாத மக்களும் இக்கும்மியின் வாயிலாக மனப்பாடமாக அறிவர்.

மலைவேடர் தலைவனாகிய நம்பி, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் ஒரு பெண் மகவைக் கண்டெடுத்தான். வள்ளி எனப் பெயரிட்டு வளர்த்தான். அவள் வளர்ந்து தினைப்புனம் காத்தாள். கவண் வீசிக் கிளி ஓட்டினாள். முருகன் வேடனாக வந்தான். நம்பி வரக் கண்டு வேங்கை மரமாகி நின்றான். பின்னர்த் தள்ளாத முதியவனாக வந்து தேனும் தினைமாவும் வாங்கி உண்டான். அண்ணன் விநாயகன் யானையாகத் தோன்றி அச்சுறுத்த, வள்ளி முதியவனை அடைக்கலம் புகுந்தாள். இறுதியில் வேடர் குடியின் நடுவே, தினைமாவும் தேனும் விருந்தாக, மணம் நிகழ்ந்தது. கும்மியில் ஒருவர் கவண் வீசுவதுபோல் கை வீசினால், ஐம்பதின்மர் உடன் வீசுவர். ஒருவர் கிழவனைப்போல் முதுகு வளைத்தால், வட்டம் முழுவதும் வளையும். சிறுவர் சிரிப்பர், முதியோர் கண்ணீர் மல்குவர். ஊர் முழுவதும் அவ்விரவில் தினைப்புனமாகும்.

இனி, கும்மிப் பாட்டின் அமைப்பைச் சிறிது ஆராய்வோம். வள்ளி கும்மிக்குரிய மெட்டுகள் பல. அவற்றுள் கும்மிச் சிந்து பெருவழக்கினது. இதன் ஓரடியில் ஏழு சீர்கள் வரும். முதல் நான்கு சீர்கள் ஒரு பகுதி. பின் மூன்று சீர்கள் மற்றொரு பகுதி. முதற்சீரின் மோனை ஐந்தாம் சீரில் வந்து பொருந்தும். எட்டாம் சீர் நிற்கவேண்டிய இடத்தில் சொல் இல்லை. ஏழாம் சீரின் ஓசையே நீண்டு அவ்விடத்தை நிரப்பும். அந்தச் சிறு நேரத்தில் பாடுவோர் மூச்சு வாங்குவர். ஆடுவோர் அடி மாற்றுவர். பின்தங்கியவர் முன்னவரோடு வந்து சேர்ந்துகொள்வர். யாப்பறியா மக்கள் வகுத்த இந்த இடைவெளியில் எத்துணை அறிவு அடங்கியுள்ளது! எல்லாரும் ஒருங்கு செல்ல வேண்டுமாயின், தளர்ந்தவர் வந்து சேர்தற்குச் சற்று இடம் விடுதல் வேண்டும் என்பதை அப்பாட்டு ஓசையாலேயே கற்பிக்கின்றது. பெண் விடுதலையைப் பாட விரும்பிய பாரதியார் கும்மி யாப்பைத் தேர்ந்ததும் ஓர்ந்து உணரத்தக்கது. பலர் கூடிக் கேட்கவேண்டிய கருத்துக்குப் பலர் கூடிப் பாடும் யாப்பே ஏற்றதன்றோ?

கும்மி பயிலும் முறையும் இனிமையானது. ஊரார் கூடி ஓர் ஆசிரியரை அழைப்பர். பகல் வேலை முடிந்து, விளக்கேற்றும் வேளைக்குப் பின் பயிற்சி தொடங்கும். ஆசிரியர் ஓரடி பாட, ஏனையோர் அதனைத் திரும்பப் பாடுவர். முதலில் அடிவைப்பு, பின்னர்க் கைத்தட்டு, அதன்பின் குனிதல், நிமிர்தல், திரும்புதல், முன்சென்று பின்வருதல். தொடக்கத்தில் ஒருவர் வலம் திரும்ப, மற்றவர் இடம் திரும்பி முட்டிக்கொள்வர், நகைப்பு எழும். நாள் செல்லச் செல்லக் கால்கள் ஒருப்படும். பல நாள் பயிற்சிக்குப்பின் ஊர்க் கோயிலின் முன் அரங்கேற்றம் நிகழும். சலங்கை கட்டி, ஒரே நிற உடை உடுத்து, மேளம் முழங்க அவர்கள் ஆடத் தொடங்குவர். முதலில் மெல்ல நடக்கும் வட்டம், நள்ளிரவில் சுழல் காற்றெனச் சுழலும்.

இப்பயிற்சியால் விளையும் நன்மைகள் பல. உடல் உரம் பெறும். நினைவு கூர்மை பெறும். பாட்டின் வழியே தூய தமிழ்ச் சொற்கள் நாவில் ஏறும். இவற்றினும் மேலான நன்மை ஒன்றுண்டு. வரப்புத் தகராற்றால் ஓராண்டாகப் பேசாதிருந்த இருவர் வட்டத்தில் அடுத்தடுத்து நிற்க நேரும். ஒருவர் கைத்தட்டுக்கு மற்றவர் கைத்தட்டு ஒத்துவர வேண்டும். ஒருவர் திரும்பினால் மற்றவர் வழி விட வேண்டும். காலும் கையும் ஒருப்பட்டபின், நா மட்டும் எத்துணை நாள் ஊமையாக இருக்கும்? வழக்கு மன்றத்தால் தீராத பகை கும்மி வட்டத்தில் தீர்ந்ததை யான் கண்டிருக்கின்றேன்.

ஆனால், மாணவர்களே, ஒன்று கூறுதல் கடமையாகும். வட்டம் என்பது உள்ளிருப்போரைச் சேர்க்கும். வெளியிருப்போரை விலக்கவும் விலக்கும். என் இளமைப் பருவத்தில் எங்கள் ஊரில் ஆடவரே ஆடினர். மகளிர் திண்ணையில் இருந்து கண்டனர். பறை முழக்கியவர் வட்டத்திற்குப் புறத்தே, வேலி ஓரமாக நின்றார். அவர் அடித்த அடிக்கு நூறு கால்கள் ஆடின. அவர் கால் மட்டும் ஆடவில்லை. அவருடைய மகன், எம்மொத்த சிறுவன், தந்தையின் பின்னே இருட்டில் நின்று, ஒருவரும் காணாவண்ணம் அடிவைப்புகளைப் போட்டுப் பார்ப்பான். அவன் ஆட்டம் எங்கள் எல்லாருடைய ஆட்டத்தினும் அழகியது. அதனை என் அம்முச்சியிடம் கூறினேன். தாயைப் பெற்ற அவ்வம்மையார் சற்றே வாளா இருந்து, “அவன் ஆடுறதைச் சாமி பார்த்துக்கிட்டுத்தான் இருக்குது, கண்ணு” என்றார். சாமி பார்த்தது, ஊர் பார்க்கவில்லை.

இக்குறை கும்மியின் குறை அன்று; மக்களின் குறை. கும்மி பாடும் கதையையே எண்ணிப் பாருங்கள். வள்ளி வேடர் மகள். முருகன் தேவர் படைத் தலைவன். குலம் நோக்கியிருந்தால் அத்திருமணம் நிகழ்ந்திராது. தேடி வந்தவன் முருகன். வேடனாகவும் கிழவனாகவும் தன்னை மாற்றிக்கொண்டு, அவள் அளித்த தினைமாவை வாங்கி உண்டவன் அவன். உயர்வு தாழ்வு பாராத அன்பின் கதையை வாயாற் பாடிக்கொண்டே, இவர் இங்கு நிற்கலாம், அவர் நிற்கலாகாது எனக் காலால் கோடு கிழிப்பது எவ்வாறு பொருந்தும்? கலை ஒரு குலத்தின் கொடியாகுமாயின், அதன் நிழல் சுருங்கும். அது நிழல் தரும் மரமாகவே வளர்தல் வேண்டும்.

நல்ல வேளையாக, கோடுகளை அழித்த பெரியோரும் இந்நாட்டில் தோன்றினர். காரமடை வட்டாரத்தவராகிய பத்திரப்பன் அவர்களுள் ஒருவர். வள்ளி ஒயில் கும்மியையே தம் வாழ்வின் பணியாகக் கொண்ட அவர், ஆடவர்க்கே உரியதாக இருந்த அவ்வாட்டத்தை மகளிர்க்கும் பயிற்றுவித்தார். புது வழக்கத்தைத் தொடங்குவோர் ஊராரின் ஏச்சுக்கும் ஏளனத்திற்கும் அஞ்சாமல் நிற்றல் வேண்டும். அவர் அவ்வாறு நின்றார். 2024ஆம் ஆண்டில், தம் 87ஆம் அகவையில், இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதுக்குரியவராக அவர் அறிவிக்கப்பெற்றார். பெருநகர் அரங்குகளில் வளர்ந்த கலைக்கு விருது கிடைத்தல் இயல்பு. கோயில் முன்றிலிலும் களத்துமேட்டிலும் வளர்ந்த கலைக்கு நாட்டின் உயர் விருது கிடைத்ததெனின், அஃது அம்மக்கள் அனைவரும் பெற்ற பெருமையாகும்.

இற்றைநாளில் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் மகளிர் பெருந்திரளாகக் கும்மி ஆடுகின்றனர். பள்ளி மாணவியர் உளர், ஆசிரியைகள் உளர், திருப்பூரின் பின்னலாடைத் தொழிற்கூடங்களில் பணிபுரிவோர் உளர், பெயர்த்தி எடுத்த பாட்டியரும் உளர். பல நூற்றுவர், சில விழாக்களில் பல ஆயிரவர், ஒருங்கே ஆடுகின்றனர். அண்மையில் ஒரு சிற்றூரில் பயிற்சியைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. தயங்கித் தயங்கி ஓரமாக நின்ற ஒரு பெண்ணை முதிய ஆசிரியர் கையசைத்து அழைத்தார். அவள், “நான் கடைசியில் நின்னுக்கறேனுங்க” என்றாள். அவரோ, “வட்டத்துக்குத் தலை ஏது, வால் ஏது, கண்ணு? எங்கே நின்னாலும் நடுவுக்கு ஒரே தூரந்தான்” என்றார். நான் கற்ற கணித நூல்களிலும் வட்டத்திற்கு இதனினும் நல்ல இலக்கணம் கண்டிலேன்.

கும்மியின் வளர்ச்சியில் கருத்துச் செலுத்த வேண்டிய இடங்களும் உண்டு. ஒலிபெருக்கி வந்தபின், ஒருவர் பாட ஏனையோர் வாய் மூடி ஆடும் நிலை சிற்சில இடங்களில் தோன்றியுள்ளது. பாடாத கும்மி பாதிக் கும்மியே. ஆடுவோரின் எண்ணிக்கையைப் பெருக்குவதிலேயே கருத்துச் சென்றால், ஆட்டத்தின் நுட்பம் தேயும். பழைய பாட்டுகள் பல, முதியோரின் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. அவர்கள் மறைந்தால் அவையும் உடன் மறையும். ஒரு பாட்டி மறையும்போது எழுதப்பெறாத ஏட்டுச்சுவடி ஒன்றும் மறைகின்றது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

மாணவர்களே! நீங்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஒரு குறிப்பேடு வாங்குங்கள். உங்கள் வீட்டில் ஆத்தாவோ அப்பாருவோ அம்முச்சியோ இருப்பின், அவர்தம் அருகில் அமருங்கள். கும்மிப் பாட்டு, தாலாட்டு, ஏற்றப் பாட்டு, நடவுப் பாட்டு எதுவாயினும் கேட்டு, அவர்கள் பாடியவாறே எழுதுங்கள். உங்கள் இலக்கணத்தைக் கொண்டு அவர்கள் சொல்லைத் திருத்தாதீர்கள். யார் பாடியது, எவ்வூரில், எந்த வேலையின்போது பாடுவது என்பவற்றையும் குறித்து வையுங்கள். அடுத்த வீட்டாரிடமும், அடுத்த தெருவாரிடமும், நீங்கள் இதுவரை சென்றறியாத தெருவாரிடமும் சென்று கேளுங்கள். பாட்டு கேட்கச் செல்பவரை எவரும் பகைவராகக் கருதார். ஓராண்டில் உங்கள் ஏடு நிறையும். அதனோடு உங்கள் ஊரும் உங்களுக்கு முழுமையாகத் தெரிந்திருக்கும்.

உங்களுள் சிலருக்குப் பாட வரும். சிலருக்கு ஆட வரும். சிலருக்கு மேளம் கொட்டவோ, பாட்டுக் கட்டவோ, படம் வரையவோ வரும். எது வரினும் அதனைப் பேணி வளருங்கள். ஒரு நாளில் அரை மணி நேரம் போதும். ஆண்டுகள் கூடக்கூட அது கை கூடும். வளர்த்தபின் தனியே வைத்து மகிழாதீர்கள். ஊர் நடுவே கொண்டுவந்து வையுங்கள். நீங்கள் நிற்கும் வட்டத்திற்குப் புறத்தே, இருட்டில் நின்று அடிவைப்புப் போடும் ஒருவர் உளரா என ஒரு கணம் திரும்பிப் பாருங்கள். இருப்பின், கைத்தட்டுவதைச் சற்றே நிறுத்தி, அக்கையை அவர்பால் நீட்டுங்கள். எத்துணைப் பேர் வந்தாலும் இடம் தரும் இயல்பு வட்டத்திற்கு உண்டு. ஒவ்வொருவரும் ஓரடி பின்வைத்தால் போதும்.